உம் கொட்டும் இயந்திரங்கள்

1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கணினி அறையில் சார்லி கிளைன் என்ற மாணவர் விசைப்பலகை முன் உட்கார்ந்திருந்தார். வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பில் டுவால் இன்னொரு கணினியின் முன் காத்திருந்தார். இரண்டு கணினிகளையும் இணைத்த கம்பி வழியே ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல் எழுத்தெழுத்தாகப் போக வேண்டும். கிளைன் ‘எல்’ தட்டினார், போனது. ‘ஓ’ தட்டினார், அதுவும் போனது. ‘ஜி’ தட்டியதும் அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. இணையத்தின் மூதாதையான அர்பாநெட்டில் போய்ச் சேர்ந்த முதல் செய்தி இரண்டே எழுத்து.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த இரண்டெழுத்தோடு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ருசியான விஷயம் வேறு. அன்றைக்கு இருவர் காதிலும் தொலைபேசி இருந்தது. ‘எல்’ வந்ததா என்று கிளைன் கேட்டதும், வந்துவிட்டது என்று டுவால் சொன்னதும் அந்தத் தொலைபேசியில்தான். புதிய கம்பிக்குப் பழைய கம்பி சாட்சி. பழைய கம்பிக்கு யார் சாட்சி? அந்தக் கேள்வி அன்று இரவு எழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்திருந்தால் வேலை நடந்திருக்காது.

ஆனால் அது வெட்டிக் கேள்வி என்றும் தள்ளிவிட முடியாது. ஓர் அறிவு சரியானது என்பதை எது உறுதி செய்கிறது, அந்த உறுதியை எது உறுதி செய்கிறது என்று இந்தியத் தர்க்க மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கு நின்றிருக்கின்றன. கணினி வலைப்பின்னலை அரிச்சுவடியிலிருந்து படிக்க வருகிற மாணவர், தமக்கே தெரியாமல் அந்த மல்லுக்கட்டுக்குள் வந்து விழுகிறார். பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை. தேர்வுக்கு வராது என்பது காரணமாக இருக்கலாம்.

கதை சொல்லும் பாட்டிகளுக்கு இது தெரியும். “ஒரு ஊர்ல ஒரு ராஜா” என்று தொடங்கினால் பேரன் “உம்” கொட்ட வேண்டும். நாலு வாக்கியத்துக்கு ஒரு “உம்” வராவிட்டால், “ஏலே, தூங்கிட்டியா? உம் கொட்டு” என்று அதட்டல் வரும். அப்போதும் சத்தம் இல்லை என்றால் ராஜா நடுக்காட்டில் நிற்பார். பாட்டி தலையணையைச் சரிசெய்துகொண்டு படுத்துவிடுவாள். தரவுத் தொடர்பியலின் பாதிப் பாடம் இதற்குள் இருக்கிறது. அனுப்புகிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர், நடுவில் இருட்டு. இருட்டுக்குள் போன சொல் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள எதிரிலிருந்து ஒரு சின்ன ஒலி. கணினிக்காரர்கள் அதை ‘ஏசிகே’ என்று சுருக்கி அழைக்கிறார்கள். தமிழில் ஒப்புகை என்பார்கள். உம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளை பாதித் தூக்கத்திலும் பழக்கத்தில் “உம்” போடும் என்பதும் பாட்டிக்குத் தெரியும். உம் வந்தால் ஒலி காதுக்குப் போயிருக்கிறது. கதை மனசுக்குள் போனதா என்பது தனி விவகாரம். 1948இல் கிளாட் ஷானன் தகவல் தொடர்பின் கணிதக் கோட்பாட்டை எழுதியபோது முதல் பக்கத்திலேயே இந்த விவகாரத்தை ஒதுக்கி வைத்தார். செய்திக்குப் பொருள் இருக்கலாம், ஆனால் பொறியாளரின் சிக்கலுக்கு அது சம்பந்தமில்லாதது என்பது அவர் நிலைப்பாடு. இங்கிருந்து கிளம்பிய குறிகள் அங்கே அப்படியே மறுபடி எழுந்தால் போதும். தத்துவவாதிகளுக்கு இது பெரிய துறவாகத் தோன்றும். அந்தத் துறவு இல்லாமல் இன்றைய வலைப்பின்னல் இல்லை.

சரி, இருட்டுக்குள் என்ன போகிறது?

ஒருவர் கைப்பேசியிலிருந்து 3 மெகாபைட் அளவுள்ள ஒரு திருமணப் படத்தை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் படமாகப் போவதில்லை. முதலில் அது ஒன்றும் சுழியுமாக, சுமார் இரண்டு கோடியே நாற்பது லட்சம் பிட்டுகளாக மாறுகிறது. பிறகு மளிகைக் கடைக்காரர் மூட்டைச் சீனியைப் பொட்டலம் போடுவதுபோலத் துண்டு துண்டாகக் கட்டப்படுகிறது. ஈதர்நெட் வகைக் கம்பியில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1,500 பைட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே அந்த ஒரு படத்துக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான பொட்டலங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண், வழியில் ஏதாவது சிதைந்ததா என்று கூட்டிப் பார்க்க ஒரு சரிபார்ப்புத் தொகை. இந்தப் பொட்டல யோசனையை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் பாரனும், 1965 வாக்கில் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலே எட்டினார்கள். ‘பாக்கெட்’ என்று பெயர் வைத்தவர் டேவிஸ்.

பொட்டலங்கள் ஒரே வழியில் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் முகவரியைப் பார்த்து அடுத்த ரூட்டர் கையில் தள்ளிவிடும். முழு வழி எதற்கும் தெரியாது. அடுத்த அடி மட்டும் தெரியும். ரூட்டரின் நினைவகம் நிரம்பிவிட்டால் புதிதாக வரும் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். பெரும்பாலும் யாருக்கும் சொல்லாது. வழி தவறி வட்டமடிக்கும் பொட்டலத்துக்கு ஆயுளும் குறிக்கப்பட்டிருக்கிறது. கிளம்பும்போது 64 என்று எண் இட்டிருந்தால் ஒவ்வொரு ரூட்டரும் ஒன்று குறைக்கும். சுழியானதும் அது குப்பைக்குப் போகும். இந்த அஞ்சல் வேலையைப் பார்ப்பதுதான் ஐபி என்னும் நெறிமுறை. அது எதற்கும் உத்தரவாதம் தராது. முடிந்தவரை முயல்வேன் என்பதோடு சரி. சேர்ந்ததா, வரிசையாகச் சேர்ந்ததா, இரட்டையாகச் சேர்ந்ததா என்ற கவலையெல்லாம் இரு முனைகளிலும் உட்கார்ந்திருக்கும் டிசிபி என்ற இன்னொரு நெறிமுறையுடையது. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் முளைத்து, பின்பு இரண்டாகப் பிரிந்த இணை இது. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் இதற்கு மாறியது.

உத்தரவாதம் தராத ஒன்றின் மேல் உத்தரவாதத்தைக் கட்ட முடியுமா? தத்துவச் சிக்கல் இங்கேதான் தலைதூக்குகிறது.

1975இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹியூபர் என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இதை ரவுடிக் கும்பல்களை வைத்து விளக்கியது. 1978இல் ஜிம் கிரே கும்பல்களைப் படைத்தலைவர்களாக்கினார். அந்தப் பெயரே நிலைத்தது. இரண்டு குன்றுகளில் இரண்டு படைகள், நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் வெற்றி, ஒருவர் மட்டும் பாய்ந்தால் நாசம். பேசிக்கொள்ள ஒரே வழி பள்ளத்தாக்கு வழியே ஆளனுப்புவது, ஆள் பிடிபடலாம். முதல் தலைவர் “விடியற்காலம் பாயலாம்” என்று ஆளனுப்புகிறார். ஆள் போய்ச் சேர்ந்தானா என்று தெரியாமல் அவர் பாய மாட்டார். இரண்டாமவர் “சரி” என்று பதில் ஆளனுப்புகிறார். அந்தச் ‘சரி’ சேர்ந்ததா என்று தெரியாமல் இவர் பாய மாட்டார். முதலாமவர் “உன் சரி கிடைத்தது” என்று மறுபடி அனுப்புகிறார். அது சேர்ந்ததா?

இன்னும் நாலு ஆளை அனுப்பினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீராது, அதற்கு நிரூபணமே இருக்கிறது. இத்தனை செய்திகள் போதும் என்று ஒரு ஏற்பாடு இருப்பதாகக் கொள்வோம். அப்படிப்பட்ட ஏற்பாடுகளுள் மிகக் குறைந்த செய்திகள் கொண்டதை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசிச் செய்தி தொலைந்து போகலாம். தொலைந்தாலும் ஏற்பாடு பலிக்க வேண்டும். தொலைந்தாலும் பலிக்கும் என்றால் அந்தச் செய்தியே தேவையில்லை. அதை நீக்கினால் இன்னும் குறைந்த செய்திகளில் ஓர் ஏற்பாடு கிடைக்கிறது. மிகக் குறைந்தது என்று சொன்னது பொய்யாகிறது. ஆக, அப்படி ஓர் ஏற்பாடே இல்லை. ஆள் பிடிபடக்கூடிய பள்ளத்தாக்கு வழியே, எத்தனை பேரை அனுப்பினாலும், இருவருக்கும் முழு நிச்சயம் வராது.

வாட்ஸ்அப் பழகியவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். ஒரு டிக் விழுந்தால் செய்தி வழங்கியை அடைந்தது, இரண்டு டிக் என்றால் எதிராளியின் கைப்பேசியை அடைந்தது, 2014 நவம்பரில் வந்த நீல டிக் என்றால் திறந்து பார்த்தாகிவிட்டது. அனுப்பியவருக்கு நிம்மதி. ஆனால் நீல டிக்கை அனுப்பியவர் பார்த்தாரா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. மனஸ்தாபங்கள் முளைக்கும் இடம் அது. “நான் பார்த்தது உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்ற வாக்கியத்தைக் கேட்காத தம்பதிகள் குறைவு.

1969இல் டேவிட் லூயிஸ் என்ற மெய்யியலாளர் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்: பொது அறிவு. பள்ளிக்கூடப் பொது அறிவு வேறு. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியும், அது உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று முடிவில்லாமல் போகும் அடுக்கு இது. சாலையில் எல்லோரும் இடப்பக்கம் போவதுபோன்ற வழக்கங்கள் இதன் மேல்தான் நிற்கின்றன என்றார் லூயிஸ். 1984இல் ஜோசப் ஹால்பெர்னும் யோராம் மோசஸும் கணினி வலைப்பின்னலுக்கு அந்தக் கருத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். செய்தி தொலையக்கூடிய வலையில் பொது அறிவு ஒருபோதும் எட்டாது என்று நிறுவினார்கள். அதற்காக 1997இல் கோடல் பரிசு கிடைத்தது.

உறுதிக்கு உறுதி, அதற்கு ஓர் உறுதி என்று பின்னோக்கி ஓடும் இந்த ஓட்டத்துக்கு வடமொழித் தர்க்கத்தில் அனவஸ்தை என்று பெயர். நிலை கொள்ளாமை. வாதத்தில் எதிராளியை அனவஸ்தையில் தள்ளிவிட்டால் வெற்றி. நியாயம் என்ற தர்க்க மரபினரான நையாயிகர்கள் சொன்னது இது: ஓர் அறிவு தோன்றியதாலேயே அது சரியாகிவிடாது, வேறொன்று அதற்குச் சான்றளிக்க வேண்டும். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது. அது கானல்நீரா, குளமா என்பதைப் போய்க் குடித்துத் தாகம் தீர்ந்த பிறகே சொல்லலாம். கிளைன் தொலைபேசியை நம்பியது இந்தக் கட்சி. வேத விளக்க மரபினரான மீமாம்சகர்கள் விடவில்லை. தாகம் தீர்ந்தது என்ற அறிவுக்கு எது சான்று, அதற்கு எது சான்று என்று துரத்தினார்கள். அவர்கள் கட்சி நேர் எதிரானது. அறிவு தோன்றும்போதே செல்லும். பொய் என்று பிறகு தெரிந்தால் தள்ளுவோம், அதுவரை நம்புவோம்.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகர் குமாரில பட்டர் ‘ஸ்லோகவார்த்திகம்’ நூலில் இதை வாதிடும்போது ஓர் எண்ணைப் போகிறபோக்கில் சொல்கிறார். சந்தேகம் வந்து சோதிக்கப் புகுந்தாலும், மூன்று அல்லது நான்கு அறிவுகளுக்கு மேல் தேவைப்படாது என்பது அவர் கருத்து. அதற்குமேல் சந்தேகிக்கக் காரணமில்லாதபோது சந்தேகிப்பவர் வீணாகச் சந்தேகிக்கிறார்.

டிசிபி தொடர்பு தொடங்கும்போது எத்தனை செய்திகள் பரிமாறுகிறது? மூன்று. “பேசலாமா? என் வரிசை எண் இங்கே தொடங்குகிறது” என்று ஒரு கணினி. “உம், கிடைத்தது. என் வரிசை எண் இங்கே தொடங்குகிறது” என்று மற்றது. “உம்” என்று முதலாவது. அவ்வளவுதான், பேச்சு ஆரம்பம். மூன்றாவது ‘உம்’ சேர்ந்ததா என்று எவரும் காத்திருப்பதில்லை. அதன் பின்னாலேயே தரவு வரத் தொடங்கும். தரவு வந்தால் உம்மும் வந்ததாகத்தான் அர்த்தம். படைத்தலைவர் புதிரைத் தீர்க்க முடியாது என்று தெரிந்தே, மூன்றாவது செய்தியில் கோடு கிழித்து வேலையைப் பார்க்கிறார்கள் பொறியாளர்கள்.

இதைக் கொண்டு இணையத்தை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். குமாரிலருக்கு வேதத்தின் அதிகாரத்தைக் காக்க வேண்டியிருந்தது. பொறியாளருக்குக் கோப்பு போய்ச் சேர வேண்டியிருந்தது. எண் பொருந்தியது தற்செயல். ஆனால் இருவரும் மோதிய சுவர் ஒன்று. அந்தச் சுவரை உடைக்க முடியாது, எந்த இடத்தில் நிற்பது என்று முடிவு செய்யத்தான் முடியும் என்று கண்டுகொண்டதும் பொருந்துகிறது. நையாயிகர்களும் கடைசியில் இதற்கு அருகில் வந்தார்கள். உதயனர் ‘நியாயகுசுமாஞ்சலி’யில், சந்தேகம் தன் சொந்தச் செயலோடு முரண்படும் இடம் வரைதான் நீளும் என்றார். பசித்தவன் சோற்றைச் சந்தேகித்துக்கொண்டே அள்ளி வாயில் போட்டால், அவன் கை ஏற்கெனவே நம்பிவிட்டது.

தமிழுக்கு இந்த வாதங்கள் அந்நியமில்லை. ‘மணிமேகலை’யின் இருபத்தேழாம் காதையில் நாயகி வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலாவதாகப் பேசும் அளவைவாதி, அறியும் வழிகளான பத்து அளவைகளை அடுக்குகிறார். காண்டல், கருதல் இவற்றோடு நூல்வழி அறிவான ஆகமம், வழிவழியாக ஊர் சொல்லிவரும் ஐதிகம், அபாவம் எல்லாம் அதில் உண்டு. பின்னாளில் ‘சிவஞான சித்தியார்’ சுருக்கிக்கொண்ட பட்டியலில் காட்சி, கருதல், உரை மூன்றும் முன்வரிசை.

கணினிக்குக் காட்சி கிடையாது. தொலைவில் இருக்கும் இன்னொரு கணினியைப் பற்றி அது அறிவதெல்லாம் உரை வழியாகத்தான்; அதுவும் பத்து பதினைந்து வாய் மாறி வந்த உரை. இப்படி வாய் மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1980களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு சம்பவம் இருக்கிறது. எம்ஐடியில் பல சிறு வலைகளை இணைப்புக் கணினிகள் கோத்திருந்தன. ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு கம்பியிலும் சரிபார்ப்புத் தொகை உண்டு. ஆகவே வலை நம்பகமானது என்று நிரலாளர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஒரே ஓர் இணைப்புக் கணினியில் மட்டும் ஒரு கோளாறு. உள்ளே வாங்கிய தரவை வெளியே அனுப்பும் இடத்துக்கு நகலெடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை, இரண்டு பைட்டுகள் இடம் மாறின. கம்பியில் தவறு இல்லை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே, கணினியின் வயிற்றுக்குள் தவறு. சரிபார்ப்பு அங்கே எட்டிப் பார்க்கவில்லை. ஓர் இயக்க முறைமையின் மூல நிரல்கள் அந்த வழியே திரும்பத் திரும்பப் போய் வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டன. கடைசியில் பழைய அச்சுப்பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆட்கள் கண்ணால் ஒப்பிட்டுத் திருத்தினார்கள்.

ஒவ்வொரு கையும் “நான் வாங்கியதை அப்படியே கொடுத்தேன்” என்று சத்தியம் செய்தது. கம்பியளவில் சத்தியம் உண்மைதான். மூவரும் எடுத்த முடிவு: நடுவிலிருப்பவர்கள் எவ்வளவு யோக்கியர்களாக இருந்தாலும், கடைசிச் சோதனை இரு முனைகளில்தான் நடக்க வேண்டும். இணையத்தின் வடிவமைப்பே பெரிதும் இந்தக் கொள்கையில் நிற்கிறது. குருபரம்பரை வழியே வரும் உரையைப் பற்றி, பரம்பரையின் ஒவ்வொரு கண்ணியும் நேர்மையானது என்று காட்டினால் போதுமா என்று கேட்பவர்களுக்கு எம்ஐடியின் அந்தக் கணினி நல்ல உதாரணம். ஐதிகத்தை அளவையாக ஏற்பதா என்று மரபுகள் தங்களுக்குள் பிணங்கியதற்கும் காரணம் இல்லாமலில்லை.

இனி அபாவம். இல்லாமையைக் கொண்டு அறிவது. பானை இருக்க வேண்டிய இடத்தில் பானையைக் காணோம். ஆகவே பானை இல்லை. இது தனி அளவையா, காட்சியிலேயே அடங்குமா என்று குமாரிலர் வழிவந்த பட்ட மீமாம்சகர்களும் நையாயிகர்களும் அடித்துக்கொண்டார்கள். இன்றைய மாணவருக்கு இது தலைமுடியைப் பிளக்கும் வேலையாகத் தெரியலாம். டிசிபிக்கு அப்படியில்லை. ‘உம்’ வராமல் போனால் அது அறிவதெல்லாம் அபாவத்திலிருந்துதான்.

உம் வரவில்லை. என்ன நடந்திருக்கும்? போன பொட்டலம் தொலைந்திருக்கலாம். பொட்டலம் சேர்ந்து, திரும்பி வந்த உம் தொலைந்திருக்கலாம். இரண்டும் நலமாக, வழியில் நெரிசலால் தாமதமாகியிருக்கலாம். எதிர்க் கணினியே செத்திருக்கலாம். நாலுக்கும் அனுப்பியவர் காதில் விழுவது ஒரே மௌனம். கணினி ஒரு கடிகாரத்தை ஓடவிட்டுக் காத்திருக்கும். நேரம் தாண்டினால் மறுபடி அனுப்பும்.

1986 அக்டோபரில் இந்த மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதன் விலை தெரிந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் 400 கஜ தூரம். கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்றுகூடச் சொல்லலாம். அந்த இணைப்பில் வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது திடீரென்று 40 பிட்டாகச் சரிந்தது. வினாடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து. எந்தக் கம்பியும் அறுந்திருக்கவில்லை. வழி நெரிசலானதால் உம்கள் தாமதித்தன. உம் வராததால் கணினிகள் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பின. மறுபடி அனுப்பியதால் நெரிசல் இன்னும் கூடியது. எல்லோரும் ஒரே செய்தியைக் கத்திக்கொண்டிருந்தார்கள், அநேகமாக எதுவும் போய்ச் சேரவில்லை.

அந்த ஆய்வகத்திலிருந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து மருந்து கண்டார்; 1988இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. மருந்தில் புதுக் கம்பி இல்லை, புது இயந்திரம் இல்லை. மௌனத்துக்குச் சொல்லும் பொருளை மாற்றினார். உம் வராவிட்டால் “என் பொட்டலம் தொலைந்தது, இன்னொன்று அனுப்பு” என்று மட்டும் எண்ணாதே. “நான் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறேன்” என்றும் எண்ணு. வேகத்தைச் சட்டென்று குறை. உம்கள் ஒழுங்காக வரத் தொடங்கினால் மெல்ல மெல்லக் கூட்டு. அதே அபாவம்தான், அதிலிருந்து எடுக்கும் அனுமானம் வேறு. அதனால்தான் அன்று வலை பிழைத்தது.

இதில் ஓர் அறவியல் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. வேகத்தைக் குறைக்கும்படி எந்த ரூட்டரும் கட்டாயப்படுத்துவதில்லை. குறைக்கும் நிரல் இருப்பது அவரவர் கணினியில். ஒருவர் தம் கணினியை மட்டும் குறைக்காதபடி மாற்றி எழுதிவிட்டால், மற்றவர்கள் ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் அவர் பாய்ந்து போகலாம். கோடிக்கணக்கான இயந்திரங்கள் முகம் தெரியாத அயலாருக்காகத் தாமாக ஒதுங்குகின்றன. வள்ளுவர் அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வைத்தது மனிதர்களுக்காக. அவர்களில் பலர் டீக்கடை வரிசையில்கூட அதைக் கடைப்பிடிப்பதில்லை.

ஜேக்கப்சனின் அனுமானமும் எப்போதும் சரியென்று சொல்ல முடியாது. கம்பியில்லாத் தொடர்பில் பொட்டலம் நெரிசலால் மட்டும் தொலைவதில்லை. சுவர் குறுக்கே வந்தாலும், சமிக்ஞை மங்கினாலும் தொலையும். அப்போது வேகத்தைக் குறைப்பதால் யாருக்கும் லாபமில்லை. தூரத்து மூடுபனியைப் புகையென்று கொண்டு மலையில் நெருப்பு இருக்கிறது என்று முடிவு கட்டுவதைத் தர்க்க நூல்கள் போலி ஏதுவுக்கு, அதாவது அனுமானத்துக்குக் காட்டும் பொய்யான காரணத்துக்கு, உதாரணம் காட்டும். காஞ்சியில் பௌத்த ஆசான் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் பாடத்திலும் ஏதுப் போலிகளின் நீண்ட பட்டியல் உண்டு. 2016இல் கூகுளைச் சேர்ந்த குழு ஒன்று பிபிஆர் என்ற புதிய முறையை வெளியிட்டது. அது தொலைந்த பொட்டலத்தை முதன்மை ஏதுவாகக் கொள்வதில்லை; உம் திரும்பி வர ஆகும் நேரத்தையும், வழி உண்மையில் எவ்வளவு கொள்கிறது என்பதையும் அளந்து பார்க்கிறது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் அதே வான் ஜேக்கப்சன். முப்பது ஆண்டு கழித்துத் தம் ஏதுவைத் தாமே திருத்திக்கொண்ட தர்க்கவாதிகள் அதிகமில்லை.

உம் வராத இடத்துக்கு மனிதர்கள் ஆதிகாலத்திலிருந்தே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் தூது என்று ஒரு சிற்றிலக்கிய வகையே அதற்கு இருக்கிறது. கிளி, மேகம், நெஞ்சு என்று எதையும் தூதாக விடலாம். உமாபதி சிவாச்சாரியார் நெஞ்சை விட்டார். ‘தமிழ் விடு தூது’ பாடியவர் மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே விட்டார். வலைப்பின்னல் படித்தவர்கள் இந்த நூல்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். போய்ச் சொல் என்பதோடு தூது முடிவதில்லை. அவர் அணிந்த மாலையை வாங்கிக்கொண்டு வா என்று கேட்பது மரபு. மாலை வந்தால் செய்தி சேர்ந்தது, ஏற்கப்பட்டது. அதுதான் ஒப்புகைச் சீட்டு. ஆனால் தூது நூல்கள் பெரும்பாலும் தூது கிளம்பும் இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. மாலை வந்ததா என்று கவிஞர் சொல்வதில்லை.

1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் சாமுவேல் மோர்ஸ் தந்தியைத் தொடங்கி வைத்தபோது, அனுப்பத் தேர்ந்த வாசகம் விவிலியத்தின் எண்ணாகமத்திலிருந்து எடுத்தது. கடவுளின் செயலை வியப்பது. பால்டிமோரில் இருந்த ஆல்ஃபிரட் வெயில் அதே வாசகத்தை அப்படியே திருப்பி அனுப்பினார். மோர்ஸுக்கு உம் கிடைத்தது. கடவுளைப் பற்றிய வாசகம்தான், ஆனால் பதில் வெயிலிடமிருந்து. பிரார்த்தனைக்கு வரும் மௌனத்தையும் இப்படியே நாலு விதமாக வாசிக்கலாம். சேரவில்லை, சேர்ந்தும் பதில் தொலைந்தது, தாமதமாகிறது, அங்கே யாருமில்லை. பக்தரும் நாத்திகரும் ஒரே அபாவத்திலிருந்து வெவ்வேறு அனுமானங்களை எடுக்கிறார்கள். கடிகாரத்தை எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதில்தான் இருவருக்கும் வித்தியாசம் என்று ஒரு வலைப் பொறியாளர் சொன்னால், அதில் குறும்பு இருக்கலாம்; தப்பு அதிகமில்லை.

எல்லாச் செய்திக்கும் உம் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 1980இலேயே வரையறுக்கப்பட்ட யுடிபி என்ற நெறிமுறை, அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காது. காணொளி அழைப்பில் துபாயிலிருக்கும் மகனோடு பேசும் அம்மாவின் முகம் வழக்கமாக அதில்தான் வருகிறது. ஒரு நொடியின் துண்டு தொலைந்தால் தொலைந்ததுதான். அதை மறுபடி வாங்கிக் காட்டுவதற்குள் அம்மா அடுத்த வார்த்தைக்குப் போயிருப்பாள். பலன் கருதாத வினை என்று இதைப் புகழ்பவர்கள் உண்டு. அது மிகை, யுடிபிக்கும் பலன் வேண்டும், அதைக் கணக்குப் பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான்.

டிசிபி பார்க்கும். லினக்ஸ் கணினிகளில் இயல்பான அமைப்பில், உம் வராத பொட்டலத்தை 15 முறை வரை மறுபடி அனுப்பும். காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, ஓர் உச்சத்தோடு நிறுத்திக்கொள்ளும். மொத்தம் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பொறுத்த பிறகே எதிரில் ஆளில்லை என்று கைவிடும். பாட்டியின் பொறுமைக்கு இது அதிகம்தான்.

பேச்சைத் தொடங்குவதைவிட முடிப்பதில்தான் படைத்தலைவர் புதிர் பச்சையாகத் தெரியும். ஒரு கணினி “நான் முடித்துக்கொள்கிறேன்” என்கிறது. மற்றது “உம்” என்று சொல்லித் தானும் “நானும் முடித்துக்கொள்கிறேன்” என்கிறது. முதலாவது கடைசி ‘உம்’ சொல்கிறது. அந்தக் கடைசி உம் தொலைந்தால்? மற்றது மறுபடி கேட்கும். கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். அதற்காக, கடைசி உம் சொன்ன கணினி உடனே போய்விடாமல் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்க்கும். யாரும் கூப்பிடவில்லை என்றால் சேர்ந்துவிட்டதாகக் கொண்டு கதவைச் சாத்தும். 1981இல் ஜான் போஸ்டலின் பெயரில் வந்த டிசிபி வரையறை இந்த நேரத்தை நான்கு நிமிடமாக வைத்தது. லினக்ஸ் 60 வினாடியோடு விட்டுவிடுகிறது.

பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக் கணினியில் பிரௌசரைத் திறந்து நாலைந்து தளங்களுக்குப் போய்விட்டு, கட்டளைச் சாளரத்தில் ‘நெட்ஸ்டாட்’ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ‘-ஏஎன்’ சேர்த்துத் தட்டிப் பாருங்கள். நீளமான பட்டியலில் சில வரிகளின் கடைசியில் ‘டைம்_வெயிட்’ என்று இருக்கும். பேச்சு முடிந்து, கடைசி உம் சேர்ந்ததா என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கும் தொடர்புகள் அவை. ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி தட்டினால் பட்டியலில் இருக்காது.